எல்.ஆர். ஈஸ்வரியும் நம் தராசும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரை, தாமிரபரணிக் கரையில் எந்த ஊரில் அம்மன் கொடை நடந்தாலும் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் கேட்காமல் இராது. கல்யாண வீடுகளிலோ, ‘பாசமலர்’ (1961) படத்தில் மணப்பெண்ணைத் தோழி அழைப்பதாக அவர் பாடிய பாட்டு இன்றும் ஒலிக்கிறது. சாமிக்கும் வேண்டியவர், சம்பந்தத்துக்கும் வேண்டியவர். ஆனால் சிறந்த பாடகியர் யார் என்று பட்டியல் போட உட்கார்ந்தால் மட்டும், “அவர் டப்பாங்குத்துப் பாடுகிறவர்தானே!” என்று ஒதுக்கிவிடுகிறோம். இது நியாயமா?

அவர் 1939ல் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் திரைப்படங்களில் கோரஸ் பாடியவர். தாயின் கையைப் பிடித்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்த மகளும் கூட்டத்தில் ஒரு குரலாகவே தொடங்கினார். கே.வி. மகாதேவன் இசையில் ‘நல்ல இடத்து சம்மந்தம்’ (1958) அவருக்குத் தனிக்குரல் தந்தது. ‘பாசமலர்’ ஊரறியச் செய்தது. ‘பணமா பாசமா’ (1968) படத்தின் இலந்தைப்பழப் பாட்டை அறியாத சிற்றூர் உண்டா?

கதாநாயகிக்கு ஒரு குரல், கிளப்பில் ஆடுகிறவளுக்கு வேறொரு குரல் என்று திரையுலகம் பிரித்து வைத்தது. ஆடுகிறவள் மேல் நமக்கிருந்த ஏளனம், அவளுக்காகப் பாடியவர் மேலும் ஒட்டிக்கொண்டது. சில பாடல்களின் சொற்கள் முகம் சுளிக்க வைக்கின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் எழுதியவர் வேறு, காட்சி அமைத்தவர் வேறு. பழி மட்டும் பாடிய பெண்ணுக்கா? ‘சிவந்த மண்’ (1969) படத்தில் சாட்டையடிக்கு நடுவே சீறிய அதே குரல், ‘வெள்ளி விழா’வில் (1972) காதருகே பேசுவதுபோல் தணிந்து பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அந்தத் திறமை விளங்கும்.

இயற்பியல் வகுப்பில் ஒலிக்கு உரப்பு, சுருதி, தரம் என மூன்று பண்புகளைப் படிக்கிறோம். ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலிக்கும் நாதசுரத்தையும் புல்லாங்குழலையும் வேறுபடுத்திக் காட்டுவது தரம். அங்கே தரம் என்றால் தனித்தன்மை. மேல், கீழ் என்ற பொருளே கிடையாது. வகுப்பறையை விட்டு வெளியே வந்ததும் அந்தச் சொல்லுக்கு எப்படியோ சாதிபோல ஏற்றத்தாழ்வு வந்துவிடுகிறது!

என் தாயார் பீடி சுற்றுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மடியில் தட்டும் பக்கத்தில் ரேடியோவுமாக அவர் உட்கார்ந்திருக்கும்போது ஈஸ்வரி பாடினால் கையின் வேகம் கூடும். அந்தக் குரலை இரண்டாந்தரம் என்று சொல்கிறவர்கள், அதைக் கேட்டபடி உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் ரசனையையும் சேர்த்தே இரண்டாந்தரம் என்கிறார்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ள இயலாது.

‘ஒஸ்தி’ (2011), ‘மூக்குத்தி அம்மன்’ (2020) என்று புதிய தலைமுறையும் அவரைத் தேடிச் சென்று பாடவைத்தது. கல்லூரி மேடைகள் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் மாணவி ஈஸ்வரியின் பாட்டைச் சொன்னால், “வேறு நல்ல பாட்டு இல்லையா?” என்று கேட்காமல் பாடவிடுங்கள். சுருதி தவறினால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். பாட்டின் பெயரைப் பார்த்துக் குறைக்க வேண்டாம்.