மூலிகைக் களிம்பா, முகமூடியா?

"மூலிகைதானே, தடவினா என்ன ஆயிடப் போகுது?"

தோல் சிவந்து, அரித்து, நீர் வடியும் எக்ஸிமா என்கிற கரப்பானோடு குழந்தை ராத்திரி முழுக்கத் தூங்காமல் அழுகிற வீட்டில், இந்த ஒரு வரி போதும். டாக்டர் 'ஸ்டீராய்டு' என்றதும் பயந்து ஓடுகிறவர்கள், லேபிள்கூட இல்லாத டப்பாவில் வரும் களிம்பைக் கேள்வியே கேட்காமல் வாங்குகிறார்கள். இரண்டே நாளில் அரிப்பு போய்விடும். உடனே "பாத்தீங்களா, இயற்கை!" என்று ஒரு பெருமை வேறு.

அந்த டப்பாவில் என்னதான் இருக்கிறது?

சீன மூலிகைக் களிம்புகளை நம்பிய இங்கிலாந்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். லண்டனில் தோல் நோயாளிகள் பயன்படுத்திய 11 களிம்புகளில் 8-ல் டெக்ஸாமெதசோன் இருந்தது. அதாவது ஸ்டீராய்டு! 1999-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தகவல் இது. பர்மிங்காமில் குழந்தைகளுக்குத் தடவிய 24 மூலிகைக் களிம்புகளில் 20-ல் ஸ்டீராய்டு இருந்ததாக 2003-ல் வெளியானது. சிலவற்றில் இருந்தது க்ளோபெட்டசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான ரகம் அது.

எதற்குப் பயந்து ஓடினார்களோ, அதையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் எவ்வளவு, எத்தனை நாள், முகத்தில் போடலாமா என்று சொல்லுவார். டப்பா சொல்லுமா? கணக்கில்லாமல் தடவினால் தோல் மெலிந்துபோகும், நிறுத்தியதும் அரிப்பு திரும்ப வரும். மறுபடி அதே டப்பா. வியாபாரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

"எல்லாம் அலோபதிக்காரன் சதி" என்பார்கள். அப்படியானால் 10 மூலிகைகள் சேர்ந்த சீனக் கஷாயம் எக்ஸிமாவைக் குறைத்தது என்ற ஆய்வை 1992-ல் லான்செட் ஏன் வெளியிட்டது? சோதனைக்கு வந்த மூலிகைக்குக் கதவு திறந்துதான் இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2013-ம் வருட காக்ரேன் அலசலோ, உறுதியான ஆதாரம் இல்லை என்றது. ஆதாரம் கேட்பதற்குப் பெயர் சதியா?

'இயற்கை என்றால் பக்க விளைவு இல்லை' என்பதும் சுத்தப் பொய். பார்த்தீனியமும் இயற்கையாக முளைக்கிற செடிதான். தொட்டவர்களைக் கேளுங்கள்.

பிஸ்கட் பாக்கெட்டில்கூட என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அச்சடிக்கிறார்கள். குழந்தையின் தோலில் தடவுகிற களிம்புக்கு மட்டும் 'பரம்பரை ரகசியம்' என்றால் போதுமா? மூலிகை மேல் நிஜமான மரியாதை இருப்பவர்கள்தான் லேபிளையும் லேப் ரிப்போர்ட்டையும் முதலில் கேட்க வேண்டும். மூலிகையின் பேரைக் கெடுப்பது, அந்தப் பேரில் ஸ்டீராய்டு விற்கிறவர்கள்தான்.

ரகசியமாகவே இருக்கட்டும் என்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும். விற்பதென்றால் உள்ளே என்ன என்று சொல்லிவிட்டு விற்கட்டும்!