உதவித்தொகைக் கடிதம் ஜூனில் வேண்டும்

இரும்பைக்குப் பக்கத்தில் 1968 முதல் ஆரோவில் இருக்கிறது. பல நாட்டவர் வந்து தங்கி வாழ்கிறார்கள். உலகம் நம் ஊர் எல்லைக்கு வந்துவிட்டது. நம் சேரிப் பிள்ளைகள் உலகத்துக்குப் போகும் வழியில்தான் தடை.

ஜெர்மனியில் படிக்க விசா வேண்டும். போய்ச் சேர்ந்ததும் வசிப்பிட அனுமதி வேண்டும். இரண்டிலும் கேட்பது ஒன்றே: ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறதா? 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை 11,904 யூரோ. அதைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே கட்டினால், மாதம் 992 யூரோ மட்டும் எடுக்கலாம். பிரிட்டனில் தேவையான பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும்.

விதியில் சாதி இல்லை. ஆனால் பத்து லட்சத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எந்த வீட்டிலிருந்து வரும்? நிலம் உள்ள வீட்டிலிருந்து வரும். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சத்தைத் தாண்டினால் சொத்துப் பிணை வேண்டும். நம்மிடம் சொத்து ஏது? 1892இல் நமக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி மற்றவர் கையில். அதை மீட்கப் போராடியதற்காக 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் இரண்டு உயிர்களைக் கொடுத்தோம். நிலம் போனபோதே பிணையும் போய்விட்டது.

அதே விதியில் இன்னொரு வாசல் உண்டு. முழுச் செலவையும் ஏற்கும் அரசு உதவித்தொகைக் கடிதம் இருந்தால், வங்கி இருப்பைக் காட்டத் தேவையில்லை. ஆக, நமக்கு அந்தக் கடிதம்தான் நிலம், அதுதான் பிணை. அது தாமதமானால் விசா இல்லை. விசா இல்லையென்றால் கிடைத்த இடமும் இல்லை. 2025 ஜூலையில் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 106 பேர் தேர்வானார்கள். முதலில் கடிதம் கிடைத்தது 40 பேருக்கு. மற்றவர்களுக்கு "நிதி இருந்தால்" என்று பதில். வகுப்புகள் தொடங்குவதோ செப்டம்பர், அக்டோபரில்!

அண்ணல் அம்பேத்கர் 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். அது முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் கடனோடும் 1920இல்தான் மறுபடி போக முடிந்தது. நூறாண்டு கழித்தும் நம் பிள்ளைகளை அதே இடத்தில் நிறுத்தலாமா?

நாம் கேட்பது சலுகை அல்ல. தேர்வுப் பட்டியலும் கடிதமும் ஜூனுக்குள் வரட்டும். 7.5 லட்சத்துக்கு மேலான கடனுக்கு அரசே பிணை நிற்கட்டும். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இதே காலக்கெடுவில் நடக்கட்டும்.

தோழர்களே, கல்லூரி இறுதியாண்டு தொடங்கும்போதே சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்போர்ட் மூன்றையும் வாங்கி வையுங்கள். நம் பக்கம் தாமதம் இல்லாதபோதுதான் அரசின் தாமதத்தைத் தெருவில் நின்று கேட்க முடியும்.