திறந்த நிரல், பூட்டிய தேடல்

திறந்த மூல மென்பொருளை யாரும் படிக்கலாம். ஆனால் கோடிக்கணக்கான வரிகளுக்குள் வேண்டியதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கூகுள் 2006-இல் ‘கோட் சர்ச்’ சேவையைத் தொடங்கியது. அதை உருவாக்கியவர் அப்போது அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ரஸ் காக்ஸ். கோப்புகளில் அடுத்தடுத்து வரும் மூன்றெழுத்துத் துண்டுகளையெல்லாம் முன்கூட்டியே அட்டவணையாக்கிவிடுவது அவரது உத்தி. தேடும் சொல்லின் துண்டுகள் அனைத்தும் இருக்கும் கோப்புகளை மட்டும் புரட்டினால் போதும். புத்தகத்தின் கடைசிப் பக்கச் சொல்லடைவு போலத்தான்.

2012 தொடக்கத்தில் கூகுள் அந்தக் கடையைச் சாத்தியது. நல்லவேளை, காக்ஸ் அந்த உத்தியை விளக்கி எழுதி, ஒரு சிறு கருவியையும் வெளியிட்டார். அதன்மேல் மைக்கேல் ஸ்டாபெல்பெர்க், தன் பட்டப்படிப்பு ஆய்வேடாக, டெபியன் இயங்குதளத்தின் நிரல்களைத் தேடும் டெபியன் கோட் சர்ச்சைக் கட்டினார். அங்கே தேடக் கணக்கு எதுவும் வேண்டாம்.

நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலோ எல்லாக் களஞ்சியங்களிலும் நிரலைத் தேட உள்நுழைந்தாக வேண்டும். ஊர்ப் பொதுக்கிணற்றின் வாளி ஒரு வீட்டில் இருப்பது போல! தேடல் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு சாட்சி: 2021 டிசம்பரில், பல மென்பொருள்கள் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை அம்பலமானபோது, அது எந்த மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கிறது என்று உலகமே தேடி அலைந்தது.

பிரான்சின் அரசு ஆய்வு நிறுவனமான இன்ரியா, மூலநிரல்களைச் சேமிக்கும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தை 2016-இல் அறிவித்தது. நிரலைச் சேமிக்கப் பொதுப்பணம் வருகிறதென்றால், தேடுவதற்கும் வரவேண்டும்.