ஸ்டோரி பாயின்ட்டை அப்ரைசலில் சேர்க்காதீர்கள்

நேற்று என்ன முடித்தீர்கள், இன்று என்ன செய்யப்போகிறீர்கள், பிளாக்கர், அதாவது வேலைக்குத் தடை, ஏதாவது இருக்கிறதா? சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் பல மென்பொருள் அலுவலகங்களில் காலைப்பொழுது இந்த மூன்று கேள்விகளோடுதான் தொடங்குகிறது. டெஸ்டிங் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதில் வருவது மிக அரிது. ஏனென்றால், பதில் சொல்பவரின் எதிரே அவருக்கு ரேட்டிங் போடும் மேலாளர் நிற்கிறார்.

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி தினமும் 'ஆன் டிராக்' என்றே சொல்லிவந்தான். உண்மையில் ஒரே பிழையில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தான். நள்ளிரவுக்கும் அதிகாலை 5.30-க்கும் இடையில் வரும் ஆர்டர்கள் எல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்தன. சீனியர் ஒருவர் அவன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சர்வர் கடிகாரம் இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவதை இருவரும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அதே பிழை மறுபடி தலைகாட்டாதபடி ஒரு தானியங்கிச் சோதனையையும் எழுதிவைத்தார்கள். ஆனால் அந்த சீனியர் செலவிட்ட நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வேலையின் அளவுக்குக் குழு தரும் மதிப்பெண்ணான ஸ்டோரி பாயின்ட், அந்த ஸ்பிரின்ட்டில் (குறுகிய வேலைச் சுற்றில்) அவருக்குக் குறைந்தது, விளக்கம் கேட்டார்கள்.

அஜைல் என்ற மென்பொருள் உருவாக்க அணுகுமுறையின் பெயரில் இதெல்லாம் நடப்பதுதான் எனக்கு வேதனை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, செயல்முறைகளையும் கருவிகளையும் விட மனிதர்களுக்கும் அவர்களுக்கு இடையிலான உரையாடலுக்கும் முதலிடம் தந்தது. அவர்களில் ஒருவரான கென்ட் பெக், 1990-களில் கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருளில் வேலை செய்தபோது வளர்த்தெடுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையில், இருவர் சேர்ந்து நிரல் எழுதுவதும் சோதனையை முதலில் எழுதுவதும் பிரிக்க முடியாதவை. சோதனைகள் காவலுக்கு இருந்தால்தான் புதியவர் பயமில்லாமல் பழைய நிரலில் கை வைப்பார். பயம் போனால்தான் 'எனக்குப் புரியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்வார். தொழில்நுட்பமும் மனித உறவும் இங்கே ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நாம் இரண்டையும் விட்டுவிட்டுக் கூட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமுக்கு அடிப்படையான 'ஸ்க்ரம் கைடு' ஸ்டோரி பாயின்ட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. காலையில் கேட்கப்படும் அந்த மூன்று கேள்விகளும் அதன் 2020 பதிப்பில் இல்லை. தினசரிக் கூட்டம் 15 நிமிடம், அது டெவலப்பர்களுக்கானது என்று சொல்கிறது. ஸ்டோரி பாயின்ட்டை உருவாக்கியவராகக் கருதப்படும் ரான் ஜெஃப்ரீஸ், அதற்காக வருந்துவதாகவே பின்னாளில் எழுதினார்.

வாடிக்கையாளருக்குத் தேதி சொல்ல வேண்டிய நெருக்கடி மேலாளர்களுக்கு உண்டு என்பதை அறிவேன். அதற்கு மதிப்பீடு தேவைதான். ஆனால் மதிப்பீட்டை வைத்துச் சம்பளம் நிர்ணயித்தால், மூன்று பாயின்ட் வேலைக்கு எட்டு பாயின்ட் என்றுதான் குழு சொல்லும். அதை நம்பிக் கொடுத்த தேதியும் பொய்த்துப்போகும்.

ஆகவே மேலாளர்களிடம் நான் கேட்பது மூன்று. ஸ்டோரி பாயின்ட்டை அப்ரைசல் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்தைக் குழுவே நடத்தட்டும். உங்களுக்கு வேண்டிய நிலவரத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தவருக்கு உதவும் நேரத்தையும் சோதனை எழுதும் நேரத்தையும் திட்டமிடும்போதே வேலையாகக் கணக்கில் சேருங்கள். இதற்குப் புதிய மென்பொருளும் வேண்டாம், சான்றிதழ்ப் பயிற்சியும் வேண்டாம். அடுத்த ஸ்பிரின்ட் பிளானிங்கிலேயே தொடங்கிவிடலாம்.