எழுத்தைக் கண்டு ஏன் மிரள வேண்டும்?

பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு இயற்கணிதம் ஏறாது என்று பேசுவோர் இன்றும் உளர். நாம் மறுக்கிறோம்!

பரங்கிப்பேட்டை அன்னங்கோயில் துறைக்கு வந்து பாருங்கள். மீன் விற்ற தொகையில் டீசல், ஐஸ் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். தொகை அன்றாடம் மாறும்; செலவும் மாறும்; பிரிக்கும் முறை மாறுவதில்லை. மாறுகின்ற தொகைக்கு ஓர் எழுத்து, மாறாத முறைக்கு ஒரு கோவை. இயற்கணிதத்தின் தொடக்கம் இவ்வளவே! பள்ளிப் படி ஏறாத தந்தை நாள்தோறும் போடும் கணக்கு இது. அவர் மகன் ஆறாம் வகுப்பில் எக்ஸ், ஒய் கண்டு மிரள்வானேன்?

குறை பிள்ளையிடம் இல்லை, அறிமுகத்தில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் கட்டம் போட்டு, விடுபட்ட எண்ணை எழுதச் சொல்கிறோம். அந்தக் கட்டத்தில் ஓர் எழுத்தை உட்கார வைக்க ஏன் தாமதம்? ஒரு நாள் கூலி 'கூ' என்றால் ஆறு நாள் கூலி 6கூ. முன்பணம் 200 ரூபாய் போனால் கைக்கு வருவது 6கூ – 200. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியாதா?

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் அறிஞர் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லே 'அல்ஜீப்ரா' ஆயிற்று. அந்நூலில் வாணிபமும், நில அளவையும், சொத்துப் பங்கீடும் உண்டு. உழைப்போர் வாழ்விலே பிறந்த கணக்கு அது. எவருடைய பரம்பரைச் சொத்தும் அன்று!

இங்கே இடறும் பிள்ளைக்குப் பாலிடெக்னிக்கும் பொறியியலும் எட்டாக் கனியாகும். தோழர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்குச் செல்லுங்கள். கூலிக் கணக்கிலிருந்து எழுத்தைத் தொடங்குங்கள் என்று கேளுங்கள்!