பயோடேட்டாவில் விடுபட்ட இரண்டு ஆண்டுகள்

நமது மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. வாசலில் 'ஆள் தேவை' என்று ஓர் அட்டை தொங்கவிட்டோம். உள்ளூர் நாளிதழில் இரண்டு வரி விளம்பரமும் கொடுத்தோம். பத்து நாளில் நாற்பதுக்கு மேற்பட்ட பயோடேட்டாக்கள் வந்து சேர்ந்தன. தபாலில் சில, வாட்ஸ்அப்பில் சில, நேரில் பல.

அவற்றில் முக்கால்வாசிக்கு ஒரே முகம். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி எடுத்தவை. புகழ்பெற்ற நிறுவனத்தில் சேர்ந்து அதன் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே லட்சியம் என்று ஆங்கிலத்தில் ஆரம்பிக்கின்றன. பலம், கடின உழைப்பு, பொழுதுபோக்கு, கிரிக்கெட். நமது கடைக்கு அப்படியென்ன புகழ் என்பது நமக்கே தெரியாது! ஒரு தம்பியிடம் அந்த முதல் வரியைப் படித்துக் காட்டச் சொன்னோம். அவரால் முடியவில்லை. பணம் கொடுத்து அடித்து வாங்கிய காகிதம் அது.

இன்னொரு தம்பி பி.காம். படித்தவர். அவருடைய தாளையும் அதே கட்டில்தான் போட்டு வைத்திருந்தோம். படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. "இத்தனை நாள் என்னப்பா செய்தாய்?" என்று கேட்டோம். மாமாவின் பலசரக்குக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாராம். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததே, அதற்கு முந்தின இரவு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொரு சரக்காக வரி விகிதத்தை மாற்றியவர் இவர்தான். மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தாக்கலாக வேண்டுமென்று ஆடிட்டருக்கு முன்கூட்டியே பில்களைச் சேர்ப்பித்தவரும் இவரே. ஏன் எழுதவில்லை என்றால், "சொந்தக்காரர் கடைதானே சார், சர்டிபிகேட் கிடையாது" என்கிறார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் தேடிய ஆளே அவர்தான். வாயைத் திறந்து கேட்டிராவிட்டால் இழந்திருப்போம்.

எனவே வேலை தேடும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. ஒரு பில்லில் சரக்கின் பெயர், எடை, விலை இருக்கிறது; 'நல்ல சரக்கு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் யார் பணம் கொடுப்பார்கள்? எந்தக் கடை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, என்ன வேலை என்று எழுதுங்கள். 'டாலி தெரியும்' என்பது போதாது. கொள்முதல் பதிந்தீர்களா, சரக்கு இருப்பு பார்த்தீர்களா, பாங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்தீர்களா என்பதே எங்களுக்கு வேண்டும். பாக்கி வசூலுக்குப் போனவர் என்றால் அதை முதல் வரியிலேயே போடலாம். தமிழிலேயே எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். ஒரு பாடத்தில் தவறி மறுபடி எழுதித் தேறியிருந்தால் மறைக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியல் எப்படியும் காட்டிக் கொடுத்துவிடும். எடுக்கக்கூடிய போன் எண்ணாக இருக்கட்டும். மதம், சாதி என்ற கட்டங்களை அடித்துவிடுங்கள். கணக்குப் புத்தகத்துக்கு அவை தேவையில்லை.

இனி நம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில அன்பர்களுக்குக் கோபம் வரலாம். ஒரு பையன் வந்து நின்றால் "யார் வீட்டுப் பிள்ளை, யார் அனுப்பினார்கள்?" என்பதுதான் நம் முதல் கேள்வி. தெரிந்தவர் சொன்னால் தாளைப் பார்க்காமலே சேர்த்துக்கொள்கிறோம். சிபாரிசு செய்ய ஆளில்லாத பிள்ளைக்கு அந்த ஒரு தாளை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அதையும் நாம் பொட்டலம் மடிக்கப் போட்டுவிடுகிறோம். பாதியில் போய்விடுவான் என்று அசல் சான்றிதழ்களை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கமும் நம்மில் சிலரிடம் உண்டு. பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை. நகை அடகா பிடிக்கிறோம்?

'ஆள் தேவை' என்ற இரண்டே சொல்லுக்கு ஜெராக்ஸ் கடைப் படிவம் பதிலாக வந்ததில் வியப்பில்லைதான். என்ன வேலை என்று நாம் சொன்னால்தானே அவர்கள் அதற்குத் தக்கபடி எழுத முடியும்? அந்தத் தம்பி இப்போது நமது கடையில் பேரேடு பார்க்கிறார். சரக்குக் கட்டுக்கு இன்னோர் ஆள் தேவைப்படுகிறது. இம்முறை அட்டையில் வேலை, நேரம், சம்பளம், வார விடுமுறை நான்கையும் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம்.