கும்மிக் குழு நடத்தும் அன்பர்களுக்கு

கொங்கு நாட்டு முருகன் கோயில் விழாக்களில் வள்ளிக் கும்மிக்குத் தனியிடம் உண்டு. வள்ளி திருமணக் கதையைப் பாடியபடி ஆடும் இக்கலையை முற்காலத்தில் பெரும்பாலும் ஆடவரே ஆடி வந்தனர். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்கள் அதனைப் பெண்களுக்கும் கற்பித்தார்; 2024-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இத்தகைய குழுவைத் தத்தம் ஊரில் நடத்த விரும்புவோருக்கு, வங்கிப் பணியில் இருந்தவன் என்ற முறையில் ஒரு சொல். ஊதியமின்றிச் செய்யும் தொண்டுக்கும் கணக்கு வேண்டும். சீருடைக்கும் வண்டி வாடகைக்கும் வந்த காசு, செலவான காசு இரண்டையும் மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டுங்கள். ஐயம் புகுந்த குழுவில் தாளம் நிலைக்காது. பயிற்சி நாளும் நேரமும் மாறாதிருக்கட்டும். நன்கொடை அளித்தவர் வீட்டுப் பிள்ளைக்கென்று முன்வரிசையை ஒதுக்காதீர்கள்.

ஆட இயலாத முதியோர் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. பழைய பாட்டின் அடிகள் பலவும் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கின்றன. அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். எழுதாத பாட்டு அவர்களோடு போய்விடும். கால் தளர்ந்தால் என்ன, குரல் இருக்கிறதே! அதுவும் வள்ளி மணாளனுக்குச் செய்யும் தொண்டே.